ஆம்புலன்ஸ் ஷெட்டில் உயரம் தாண்டியவள்

கொக்கு பிளேடால் மெத்தையின் ரெக்ஸின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் தையலை இழுத்துப் பிடித்து, மறு கையால் நூலை மட்டும் அறுத்தாள். உள்ளே இருக்கும் ஃபோமில் பிளேடு படக் கூடாது. உறை கழன்றதும் குனிந்து முகர்ந்து பார்ப்பாள். மூத்திர வாடை அடித்தால் வலது பக்கம், அடிக்காவிட்டால் இடது பக்கம். இருபது மெத்தையில் பன்னிரண்டு தேறின.

நான் வேலை பார்த்த முதியோர் விடுதியை, தொற்று வந்த இரண்டாம் மாதம் மூடினார்கள். அங்கே கழித்துப் போட்ட மெத்தைகள் அவை. ஆம்புலன்ஸ் ஓட்டும் என் தம்பி இரண்டு நடையாக ஏற்றிவந்து, வண்டிகள் நிற்கும் ஷெட்டில் இறக்கினான். வேலை போன நானும் அப்போதுதான் அவன் வீட்டோடு வந்து சேர்ந்தேன். மெத்தைகளையும் என்னையும் ஒரே வாரத்தில் கொண்டுவந்துவிட்டார் என்று அவன் மனைவி சொன்னாள். அவள் மருந்துக் கடையில் பில் போடுபவள். வாய் அப்படித்தான், மனசில் ஒன்றும் இல்லை.

படுத்தே கிடப்பவரின் மெத்தை இடுப்பு படுகிற இடத்தில்தான் முதலில் சாகும். ஒன்றின் மேல் ஒன்றாக அப்படியே அடுக்கினால் பள்ளத்தின் மேல் பள்ளம் வந்து, விழுகிறவளின் முதுகெலும்பு நேராகச் சிமெண்டில் போய் இடிக்கும். அதனால் ஒன்றைத் தலைமாடு, ஒன்றைக் கால்மாடு என்று மாற்றிப் போட்டாள். நான்கு நான்காக மூன்று அடுக்கு. முதல் நாள் அடுக்குகள் விலகி, அவள் நடுவில் புகுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். மறுநாள் பழைய ஸ்ட்ரெச்சர் பெல்ட்டுகளால் மூன்று அடுக்கையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

கொக்கு என்பது பள்ளியில் வைத்த பெயர். கால் நீளம், கழுத்து நீளம், நடுவில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. முதலில் அந்தப் பெயருக்கு அழுதாள். எட்டாம் வகுப்பில் உயரம் தாண்டுதலில் நூற்று முப்பத்தைந்து சென்டிமீட்டர் தாண்டியதும் அதே பெயரைத் தன் நோட்டு அட்டையில் பெரிதாக எழுதிக்கொண்டாள். என் தம்பியின் ஒரே மகள்.

இவ்வளவு பாடும் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

அவள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது பள்ளியை மூடினார்கள். ஹாலில் நோயாளிகளுக்குக் கட்டில் போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், பள்ளியில் இருந்த ஒரே தாண்டும் மெத்தையையும் கம்பங்களையும் காப்பாற்ற பி.டி. சார் நினைத்தார். அது சரியான யோசனைதான். ஊரில் பெரிய தோட்டம் உள்ள வீடு கான்ட்ராக்டர் வீடு, லாரியும் அவருடையது, அவர் மகளும் இதே வகுப்பில் உயரம் தாண்டுகிறவள். மெத்தை அங்கே போயிற்று. இரண்டு பிள்ளைகளும் மாறி மாறிப் பயிற்சி செய்யலாம் என்று சார் போனில் சொன்னார். இருவரும் சிநேகிதிகள். ஓடிவர வேண்டிய இடத்தைக் குறிக்கும் சாக்பீஸைக்கூட ஒரே சோப்பு டப்பாவில் போட்டு வைத்திருந்தவர்கள்.

கொக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு போனாள். கேட் திறக்கவில்லை. கான்ட்ராக்டர் மனைவி கேட்டுக்கு உள்ளே பத்தடி தள்ளி நின்று பேசினாள்.

“உங்க அப்பா யார் யாரையோ ஏத்திட்டு வர்றாரு. எல்லாம் முடியட்டும்மா, அப்புறம் வா.”

சொல்லிவிட்டு, தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பம்பை எடுத்து, கேட் கம்பியில் பிள்ளை கை வைத்த இடத்தில் பிளீச்சிங் தண்ணீர் அடித்தாள். பிறகு அவள் நின்ற இடத்திலும் அடித்தாள். கொக்கு இரண்டடி பின்னால் நகர்ந்தாள், அங்கேயும் அடித்தாள். உள்ளே சிநேகிதி ஓட்டத்துக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி ஓடிப்போய்த் தாண்டினாள்.

அந்த அம்மாள் பயந்ததைக் குற்றம் சொல்ல மாட்டேன். என் தம்பி அந்த நாட்களில் எதையெல்லாம் தொட்டுத் தூக்கினான் என்று எனக்குத் தெரியும். அவனை வாசலிலேயே உடை மாற்ற வைத்து, துணியை வெந்நீரில் போட வைத்தவள் நான். உள்ளே விடாதது சரி. ஆனால் பிள்ளை தெருமுனை திரும்பும்வரை அந்தப் பம்பைக் கையில் எடுக்காமல் இருந்திருக்கலாம். மெத்தையும் பள்ளியுடையது, அவர்கள் வீட்டுச் சீர்வரிசை இல்லை.

கொக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழுவினாள். ஓரம் வெளுத்துப் போயிருந்தது. அவளுக்கு அந்த அம்மாள்மேல் கோபமே இல்லை.

“அவங்கம்மா பயந்தாங்க அத்தை, அது போகட்டும். அவ பாத்துட்டே நின்னா. பாத்துட்டுப் போய் குதிச்சா.”

சரி, அதற்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். அதே மெத்தையில், அவள் கண் முன்னால், அவளால் தாண்ட முடியாத உயரத்தைத் தாண்டி விழ வேண்டும் என்றாள். அதற்கும் மேலே ஒன்று இருந்தது. மாநிலப் போட்டிக்குப் பள்ளியிலிருந்து ஒருத்தியைத்தான் அனுப்புவார்கள். அங்கே வருகிறவர்களிலிருந்துதான் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பார்கள். தங்குமிடம், படிப்பு, பயிற்சியாளர் எல்லாம் அங்கே. அந்த ஓர் இடம் தன்னுடையது ஆக வேண்டும். அதைவிட முக்கியம், அது மற்றவளுடையது ஆகக் கூடாது. இப்படித்தான் சொன்னாள், இதே வரிசையில். பழி வேண்டாம் என்று நான் புத்தி சொல்லவில்லை. நான் வேலை பார்த்த முதியோர் விடுதியில் எழுபது வயதுக்காரர்கள் ஐம்பது வருஷத்துக் கோபத்தைத் தின்றே எழுந்து நடந்ததைப் பார்த்தவள் நான். பதினாலு வயதுப் பெண்ணுக்கு அது ஒன்றும் செய்யாது.

ஷெட்டில் ஆறு வண்டி நிற்கும். வண்டி நின்றால் ஓட இடமில்லை. எல்லாம் வெளியே போனால்தான் மெத்தையை விரிக்கலாம். நோய் குறைந்த வாரங்களில் நாலைந்து வண்டி சும்மா நின்றது. கொக்கு ஓரமாகக் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். நோய் ஏறிய வாரங்களில் காலை ஏழு மணிக்கே ஷெட் காலி. அப்போது மதியம்வரை தாண்டினாள். இரண்டாவது கோடையில் ஊரே ஓய்ந்து கிடந்த ஒன்றரை மாதம் இருந்ததே, அதில்தான் அவள் மிகவும் முன்னேறினாள். அதை அவளும் அறிந்திருந்தாள். ஒருநாள் என் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இன்று எப்படிப் போயிற்று என்று கேட்டான். நல்லாப் போச்சுப்பா, முழுநாளும் ஷெட் காலி என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று உறைத்ததும் தட்டோடு எழுந்து போய்விட்டாள். அவன் குனிந்து சாப்பிட்டு முடித்தான். அன்று ஒன்பது நடை அடித்திருந்தான். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

கம்பத்துக்குக் கால் உடைந்த இரண்டு டிரிப்ஸ் ஸ்டாண்டு. திருகினால் ஏறும், இறங்கும். அதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. குறுக்கே முதலில் எலாஸ்டிக் பேண்டேஜைக் கட்டினாள். அது தட்டினாலும் விழாது. ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, தட்டிவிட்டுத் தாண்டுவதே பழக்கமாகிவிட்டது. பிறகு எலக்ட்ரீஷியன் விட்டுப்போன வயரிங் பைப்பை வைத்தாள். பைப் விழுந்தது. ஒரு வாரம் முழுக்க விழுந்தது. ஷெட்டில் வண்டி கழுவ வந்த டிரைவர்கள் கிண்டல் செய்தார்கள்.

“ஸ்ட்ரெச்சர் ஒண்ணு காலியா இருக்கு, தேவைப்பட்டா சொல்லும்மா.”

“மாமா, அது உங்களுக்கு. நீங்கதான் நேத்து டயர் மாத்தும்போது இடுப்பப் புடிச்சிட்டு நின்னீங்க.”

சிமெண்டுத் தரையில் ஓடியதால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வீங்கியது. தடுப்பூசிப் பெட்டியோடு வரும் ஜெல் ஐஸ்பைகளை அவள் அம்மா கடையிலிருந்து கொண்டுவருவாள், குப்பையில் போவதுதான். அதை நான் துணியில் சுற்றி, கால் மணி வைத்து, கால் மணி எடுத்து, மறுபடி வைத்தேன். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். தொட்டால் காலை இழுப்பாள். பதினைந்து நாள் ஓட்டத்தை நிறுத்தினேன். அந்தப் பதினைந்து நாளும் என்னோடு பேசவில்லை. மருந்து கசப்பது போல நானும் கசந்தேன், பரவாயில்லை.

பத்தாம் வகுப்பு முடிகிற சமயம், பி.டி. சார் உயரம் தாண்டும் மாணவிகளின் போன் குழுவில் ஒரு செய்தி போட்டார். பள்ளி திறந்ததும் தேர்வு நடக்கும், அதற்கு முன் அவரவர் தாண்டும் வீடியோவை அளவோடு அனுப்பலாம் என்றார். கொக்கு நூற்று ஐம்பத்து மூன்று தாண்டி அனுப்பினாள். நான்தான் போனைப் பிடித்தேன், தம்பி டேப்பைப் பிடித்தான். ஸ்டாண்டில் பைப் உட்காருகிற இடத்தில் வைத்து அளந்தோம். நூற்று ஐம்பத்து மூன்று, சந்தேகமே இல்லை.

சாயங்காலம் சார் பதில் போட்டார். ஓரத்தில் அளக்கக் கூடாது, நடுவில்தான் அளக்க வேண்டும். உங்கள் பைப் நடுவில் தொங்குகிறது. போய் அளந்தோம். நூற்று நாற்பத்தேழு. போட்டியில் குறுக்கே வைக்கும் சரியான கம்பி, பார் என்பார்கள், கொஞ்சம்தான் வளையும். எங்களுடையது வயரிங் பைப், ஆறு சென்டிமீட்டர் தொய்ந்து கிடந்திருக்கிறது. ஒரு வருஷமாக மூவரும் தினமும் பார்த்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. நோயாளியின் தலையணை ஒரு விரல் சரிந்தாலும் கண்டுபிடிக்கிற நான் இதைக் காணவில்லை.

கான்ட்ராக்டர் மகள் குழுவில் குரல் செய்தி போட்டாள். முதலில் ஒரு சிரிப்பு, பிறகு இது.

“ஆம்புலன்ஸ்ல அளந்தா எல்லாரும் உயரம்தான்.”

கொக்கு அதை அழிக்கவில்லை. போனில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் பெல்ட்டுகளைக் கட்டி முடித்ததும் ஒரு தரம் போட்டுக் கேட்பாள். கேட்டுவிட்டு ஸ்டாண்டைத் திருகுவாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. ஆறு சென்டிமீட்டர் போயிற்று, ஆறு மாதம் இருக்கிறது, மாதத்துக்கு ஒன்று என்று கணக்குச் சொன்னாள். அவள் அம்மா, படிப்பில் இந்தக் கணக்கு வராதே என்றாள்.

அந்த ஆறு மாதத்தில் அவள் கால் இரண்டு அளவு வளர்ந்தது, ஷூ பத்தவில்லை. புது ஷூ வந்ததும் ஓட்டம் குழம்பியது. மறுபடி சரியாயிற்று. தேர்வுக்கு முந்தின வாரம் நடுவில் அளந்து நூற்று ஐம்பத்து நான்கு தாண்டினாள், ஒரே ஒரு தரம்.

பள்ளி திறந்து மூன்றாம் வாரம் தேர்வு வைத்தார்கள். பெற்றோர் சிலருக்குத்தான் அனுமதி. நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். என் தம்பிக்கு வேலை, அவன் மனைவிக்கும் வேலை, அதனால் நான் போனேன். தாண்டுகிறவர்கள் ஐந்து பேர். மெத்தை கான்ட்ராக்டர் லாரியில் திரும்பி வந்திருந்தது. மழை படாமல் வைத்திருந்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். கொக்கு அதைத் தொடவில்லை. மற்றவர்கள் பழகிப்பார்க்க அதில் விழுந்து புரண்டபோது தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

நூற்று நாற்பதில் தொடங்கினார்கள். எந்த உயரத்தில் சேர வேண்டும் என்று தாண்டுகிறவர் முடிவு செய்துகொள்ளலாம். அதுவரை பாஸ் சொல்லி உட்காரலாம். ஆனால் சேர்ந்த உயரத்தில் மூன்று தரம் தட்டிவிட்டால் கணக்கில் ஒன்றுமே இருக்காது, பூஜ்யம். கொக்கு நூற்று நாற்பதுக்குப் பாஸ் சொன்னாள். நாற்பத்து நான்குக்கும் பாஸ். நாற்பத்தேழுக்கும் பாஸ். பி.டி. சார் அட்டையை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

“மூணு தடவை தட்டுனா வீட்டுக்குப் போகணும், தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“ஒரு தடவையாவது சின்னதுல குதிச்சுக்கோ.”

“வேண்டாம் சார். நாற்பத்தேழு நான் ஏற்கெனவே குதிச்சிருக்கேன், நீங்கதான் நடுவுல அளக்கச் சொன்னீங்க.”

இது புத்திசாலித்தனம் இல்லை. உடம்பு சூடாக வேண்டும், புது மெத்தை பழக வேண்டும். எனக்கே தெரிந்தது அவளுக்குத் தெரியாதா? கான்ட்ராக்டர் மகள் ஒவ்வொரு முறை ஓடும்போதும் உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் அப்படிச் செய்தாள். கால் மேல் கால் போட்டு, கண்ணெடுக்காமல் பார்த்தாள். அந்தப் பெண் இரண்டு தரம் ஓட்டத்தை நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

நூற்று ஐம்பதில் மற்ற மூவரும் வெளியேறினார்கள். கான்ட்ராக்டர் மகள் முதல் தடவையே தாண்டினாள். கொக்கு எழுந்தாள். பத்து எட்டு எடுத்து வைக்கும் தூரம் அளந்து ஓடினாள், பார் போயிற்று. மறுபடி பத்து எட்டு. மறுபடி போயிற்று. ஷெட்டில் சுவரிலிருந்து மெத்தைவரை ஏழு எட்டுக்குத்தான் இடம். ஒன்றரை வருஷம் ஏழு எட்டில் தாண்டிவிட்டு, பெரிய மைதானத்தைப் பார்த்ததும் பத்து எட்டு ஓடப் போய்விட்டாள். நாற்காலியிலிருந்து கத்துவதற்கு எனக்கு என்ன தெரியும்? அவளே நின்றாள். மெத்தையிலிருந்து திரும்பி நடந்து எண்ணினாள். ஏழாவது எட்டில் சாக்பீஸால் கோடு போட்டாள்.

தாண்டினாள். பார் அசையக்கூட இல்லை.

அந்த மெத்தையில் விழுந்தவள் உடனே எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் விரித்துக் கிடந்தாள். அடிபட்டுவிட்டதோ என்று பாதி எழுந்துவிட்டேன். அடி ஒன்றுமில்லை. தலையைத் திருப்பி, கான்ட்ராக்டர் மகள் நிற்கிற பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சார் எழுந்திரும்மா என்று சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

நூற்று ஐம்பத்திரண்டு. கொக்கு மறுபடியும் பாஸ் சொன்னாள். இரண்டு தரம் தட்டி, மூன்றாவதில் தப்பியவள் பாஸ் சொல்கிறாள். மைதானத்தில் யாரோ சிரித்தார்கள். கான்ட்ராக்டர் மகளுக்கு அதுதான் இதுவரையிலான அதிகபட்சம். முதல் தடவை தட்டினாள், இரண்டாவது தடவை தாண்டினாள். அவள் அம்மா கை தட்டினாள். இப்போது கொக்கு ஐம்பத்து நான்கு தாண்டியே ஆக வேண்டும். தவறினால் அந்த ஓர் இடம் மற்றவளுக்கு. வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் தாண்டிய உயரம் அது. தானாகப் போய் அந்த மூலையில் நின்றுகொண்டாள்.

கான்ட்ராக்டர் மகள் தட்டினாள். கொக்கு தட்டினாள். கான்ட்ராக்டர் மகள் மறுபடி தட்டினாள். கொக்கு கோட்டில் நின்று ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். ஏழு எட்டு. முதுகு பாரைத் தாண்டிவிட்டது, குதிகால் உரசியது. பார் துள்ளியது. துள்ளி, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தது. தாண்டியது செல்லும் என்று சார் வெள்ளைக் கொடியைத் தூக்கினார்.

கான்ட்ராக்டர் மகளுக்கு ஒரு வாய்ப்பு மீதி இருந்தது. அவள் ஓடத் தயாரானபோது கொக்கு போய், அவள் ஓட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாத தூரத்தில், அவள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள். சும்மா பார்த்தாள். அந்தப் பெண் பாரின் நடுவில் மோதி, பாரோடு மெத்தையில் விழுந்தாள்.

பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, நல்லாக் குதிச்ச என்றாள். தெரியும் என்றாள் கொக்கு. அவ்வளவுதான் பேச்சு. சார் பெயரை எழுதிக்கொண்டார். கொக்கு முதல், கான்ட்ராக்டர் மகள் மாற்று ஆள். போட்டிவரை இருவரும் தினமும் காலை ஆறு மணிக்கு வர வேண்டும் என்றார். மெத்தையை அறையிலிருந்து இழுத்துப் போட இரண்டு பேர் வேண்டும். எந்த உயரத்தில் பயிற்சி என்பதை முதல் இடக்காரி முடிவு செய்வாள். வீட்டுக்கு வரும் வழியில், இப்போது மனசு ஆறியதா என்று கேட்டேன்.

“பாதி.”

மீதி என்ன என்று நான் கேட்கவில்லை. பசி நேரம்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குப் போனாள். திரும்பி வந்து சாப்பிடும்போது அவளே சொன்னாள். கான்ட்ராக்டர் மகள் முன்னாலேயே வந்து அறை வாசலில் நின்றிருந்தாளாம். இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மெத்தையை இழுத்துப் போட்டார்கள். கொக்கு பாரை நூற்று ஐம்பத்து நான்கில் வைத்தாள். நடுவில் டேப் பிடித்து இரண்டு தரம் அளந்தாள். உடம்பு சூடாக நாற்பதிலிருந்து தொடங்கலாமே என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்.

“குதிக்கணும்னா இதுல குதி. நான் இறக்க மாட்டேன்.”

அந்தப் பெண் குதித்தாள். எட்டு தரம் தட்டினாள். ஒவ்வொரு தரமும் விழுந்த பாரை அவளே எடுத்து வைத்தாள். கொக்கு நான்கு தரம் ஓடி, ஒரு தரம் தாண்டினாள். மணி அடித்ததும் இருவருமாக மெத்தையை உள்ளே இழுத்துவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள்.